செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஐப்பசி மழையில் நம் சங்கத்தின் இரண்டு செம்மண் டென்னிஸ் கோர்ட்டும் ஊறிப்போய்விட்டன. காயவிட்டு, உருளை ஓட்டி, மறுபடி கோடு போடுவதற்குள் கார்த்திகையும் போய்விட்டது. மூத்தோர் இரட்டையர் ஆட்டம் பொங்கலுக்கு நல்லபடியாக நடந்தது. மீதி அறிக்கை முழுவதும் சின்னப் பிள்ளைகளின் பயிற்சியைப் பற்றியது. இந்த ஆண்டு பெரியவர்கள் நாம் அதிகம் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

கோடை முகாமின் முதல் நாள். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி அண்ணனுடைய 27 அங்குல ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோச் வழக்கமான மஞ்சள் பந்தைப் போட்டார். அது தரையில் பட்டு அவள் தலை உயரத்துக்கு எழும்பியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ராக்கெட்டை இரண்டு கையாலும் நெற்றிக்கு முன்னால் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டாள். "பாப்பா, பக்கவாட்டில் திரும்பு, கீழே இருந்து மேலே வீசு" என்றார் கோச். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் தலைக்கு நேரே வரும் பந்தை எந்தக் குழந்தையால் கீழே இருந்து வீச முடியும்?

அன்று மாலையே குழு உட்கார்ந்து பேசியது. 254 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டால் மஞ்சள் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. சிறுவர்களுக்கான சிவப்புப் பந்து 90 முதல் 105 செ.மீ.தான் எழும்பும். வேகமும் கிட்டத்தட்ட 75 சதவீதம் குறைவு. அதாவது பந்து இடுப்பருகே வரும், நிதானமாகவும் வரும். 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்தே கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு விதி வைத்திருக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். இதை நாம் முன்னமே செய்திருக்க வேண்டும்.

சிவப்புப் பந்துக்கு 11 மீட்டர் நீளக் கோர்ட் போதும். நம் கோர்ட்டின் இரட்டையர் அகலம் 10.97 மீட்டர். ஆகவே குறுக்கே திருப்பிப் போட்டால் ஒரு பெரிய கோர்ட்டில் நான்கு சின்னக் கோர்ட் கிடைத்துவிடுகிறது. கோலப்பொடியில் கோடு, சிமெண்டு நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் சவுக்குக் கம்பு, நடுவில் 80 செ.மீ. உயரத்தில் வலையாகப் பழைய சேலை. அவ்வளவுதான் செலவு. இவற்றைக் கொடுத்துதவிய உறுப்பினர் வீடுகளுக்கு நன்றி.

மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "ராமநாதன் கிருஷ்ணன் சிவப்புப் பந்திலா கற்றுக்கொண்டார்?" நியாயமான கேள்வி. 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960, 1961இல் விம்பிள்டன் அரையிறுதி என்று போனவர் கிருஷ்ணன். அவருக்கு அப்பாவே கோச். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று, அதன் கைக்கு ஏற்றபடி பந்து போட்டுக்கொடுக்க முடிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நம்மிடம் ஒரு கோச்சுக்கு ஒரு கூட்டமே பிள்ளைகள். அந்தப் பெரியவர் செய்யும் வேலையில் கொஞ்சத்தைப் பந்தும் வலையும் செய்ய வேண்டியிருக்கிறது. இந்தப் பதில் கேள்வி கேட்ட உறுப்பினருக்கும் சரி என்று பட்டது. இப்போது சனிக்கிழமைகளில் அவரே வந்து பந்து போடுகிறார்.

நன்றாக வேலை செய்தவற்றில் முதலாவது ஒரு கயிறு. வலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் கட்டினோம். "கயிற்றுக்கு மேலே போகட்டும்" என்று மட்டும் சொன்னால் போதும். ராக்கெட்டைத் தாழ இறக்கி மேல்நோக்கி வீசும் வழியைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மணிக்கட்டு, தோள் என்று விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

சர்வுக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்கு, உதவியது பழைய பள்ளிக்கூட சாக்ஸ். உள்ளே ஒரு பந்தைப் போட்டு முடிச்சுப் போட்டு, நுனியைப் பிடித்துத் தலைக்கு மேலாகச் சுழற்றி வலைக்கு அந்தப் பக்கம் எறிய வேண்டும். கை பாதியில் நின்றுவிட்டால் சாக்ஸ் முதுகில் தட்டும், பிள்ளைக்கே தெரிந்துவிடும். மாங்காய் அடித்துப் பழகிய பையன்களுக்கு இது இரண்டே நாளில் வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் பலருக்கு எதையும் ஓங்கி எறியும் வாய்ப்பே கிடைத்ததில்லை. அவர்களுக்குத் தினமும் பத்து நிமிடம் வெறும் எறிதல் கொடுத்தோம். ராக்கெட்டைத் தோசைத் திருப்பி போலப் பிடிப்பவர்களுக்கு, அதன் விளிம்பால் ஆணி அடிப்பது போல் பாவனை செய்யச் சொன்னோம். பிடி தானாக மாறியது.

ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். கம்பத்தில் எலாஸ்டிக் கயிறு கட்டிப் பந்தைத் தொங்கவிடும் கருவி ஒன்றை என் பரிந்துரையில்தான் வாங்கினோம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. ஒரு மாதம் அதிலேயே விட்டுவிட்டோம். வீச்சு அழகாக வந்தது. ஆனால் கோர்ட்டில் பந்து ஓடி வந்தபோது கால் நகரவில்லை. பந்து எங்கே விழும் என்று கண் தேடவும் இல்லை. நின்ற இடத்தில் பந்து நிற்கும் என்று நாம்தான் பழக்கியிருந்தோம். இப்போது அந்தக் கருவி ஐந்து நிமிடம்தான். அப்புறம் தரையில் வளையம் வைத்து, நகரும் பந்து. எந்தப் பொருளையும் வாங்கும்போதே, அதை எப்போது எடுத்துவிடப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும் எனக் குழு தீர்மானித்திருக்கிறது.

மழை மாதங்களில் ஹாலில் பலூன் தட்ட வைத்தோம். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணும் கையும் சேர்ந்து பழக அதுவே தாராளம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் டென்னிஸ் பந்து என்று கேட்டால் தெரு கிரிக்கெட்டுக்கான கனமான பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அது பிள்ளைகளின் மணிக்கட்டுக்கு ஆகாது. சங்கத்திலேயே சிவப்புப் பந்து வாங்கிக்கொள்ளுங்கள். ராக்கெட்டும் ஏழு வயதுக்கு 21 அல்லது 23 அங்குலம் போதும். வளர்ந்தால் உதவும் என்று பெரியதாக வாங்க வேண்டாம்.

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்ட அந்தக் குழந்தை, தை மாதம் சேலை வலைக்கு மேலே கோச்சோடு பதினான்கு பந்து விடாமல் ஆடினாள். எண்ணியது நான். பதினைந்தாவது வெளியே போனதும் "இன்னொண்ணு, சார்" என்றாள்.

வரும் ஆண்டில் ஆரஞ்சுப் பந்துக்கு 18 மீட்டர் கோடுகள் போட வேண்டும். இரண்டாவது கோர்ட்டின் வடக்கு மூலையில் மண் நிரப்ப வேண்டும். வீட்டில் கிழியாத பழைய சாக்ஸ் இருந்தால் கொண்டுவந்து அலுவலகத்தில் கொடுங்கள். இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்