மூன்று வாரங்களில் விலகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படிப்பு குறித்துத் தங்கள் இதழின் கல்விப் பக்கங்களில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "மன உறுதி உள்ள மாணவர்களுக்குப் பண்பாட்டு அதிர்ச்சி மூன்று வாரங்களில் தானாகவே விலகிவிடும்" என்று அதில் ஒரு வரி. கண் பிசகிப் படித்துவிட்டேனோ என்ற ஐயத்தில்தான் இரண்டாம் முறை படித்தேன். வரி அங்கேயேதான் இருந்தது.

தாங்கள் அறியாதது அல்ல. இந்தச் சொல்லைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், 1954-ல் ரியோ டி ஜெனீரோவில் ஆற்றிய உரையில், திடீரென வேற்று நாட்டில் நடப்பட்டவர்களுக்கு வரும் ஒரு தொழில்சார் நோய் என்றே இதை விவரித்தார். எப்போது கைகுலுக்குவது, எந்த அழைப்பை ஏற்பது, யார் சொல்வதை மெய்யென்று கொள்வது என நாம் யோசிக்காமலே செய்துவந்த நூறு காரியங்களுக்கான குறிப்புகள் ஒரே நாளில் கைவிட்டுப் போவதால் எழும் பதற்றம் அது. அளவுக்கு மீறிக் கை கழுவுவது, குடிநீரைப் பற்றி ஓயாமல் கவலைப்படுவது, சிறு தாமதத்துக்கும் பொங்கி எழுவது ஆகியவற்றை அவர் அறிகுறிகளாகச் சொன்னார். மன உறுதிக்கு அதில் என்ன வேலை என்பதைத் தங்கள் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

1955-ல் ஸ்வெரே லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அங்கே சென்றுவந்த சுமார் 200 நார்வே நாட்டினரைப் பற்றி எழுதினார். 6 மாதங்களுக்குள் திரும்பியவர்களையும் 18 மாதங்களுக்கு மேல் தங்கியவர்களையும் விட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் தவித்திருந்தார்கள். முதலில் நன்றாக இருந்து, இடையில் சரிந்து, பின் மீளும் இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்தாது, பலருக்குத் தொடக்கமே கடினம் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்ததையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்று வாரம் என்ற கணக்கு மட்டும் எந்த வளைவில் கிடைத்தது?

வெளிநாட்டில் படித்தபோது எனக்கு அது எட்டாவது மாதத்தில் வந்தது. அதற்குள் "பழகிவிட்டதா?" என்று கேட்பவர்கள் எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள். வகுப்பில் ஒருவர் பேசி முடித்த பிறகு பேசுவதே மரியாதை என்று நான் காத்திருப்பேன். அங்கே ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் தொடங்கிவிடுவார். பாடத்தை இருமுறை படித்துவிட்டுப் போய் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிய நாள்கள் அநேகம். பருவ முடிவில் என் மதிப்பீட்டில் "ஆர்வம் போதாது" என்று எழுதியிருந்தார்கள். நடைவழியில் எதிர்ப்பட்ட பேராசிரியர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றபோது, உண்மையிலேயே கேட்கிறார் என்று நம்பி நின்று, பதிலைச் சேர்த்து எடுத்து வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் படிக்கட்டின் திருப்பத்துக்குப் போயிருந்தார். காணொளியில் வீட்டாரை அழைக்கும் முன் முகம் கழுவி, விளக்கைப் போட்டு, சிரித்துப் பார்த்துக்கொள்வேன். பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கு எழுதினேன். தங்கள் செய்தி கிடைத்தது என்ற தானியங்கி மடல் உடனே வந்தது, ஆலோசகர் ஐந்து வாரம் கழித்து வந்தார். அத்தனை மாதமும் என் மதிப்பெண்கள் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மன உறுதியை அளக்க விரும்புவோர்க்கு உதவும்.

தங்கள் இதழ் இப்படிச் செய்வது இது முதல் முறையும் அல்ல. பனியில் கைவிரித்துச் சிரிக்கும் மாணவர் படம் இல்லாமல் இந்தப் பொருளில் ஒரு கட்டுரையாவது வந்ததுண்டா? முன்பொரு முறை, தேர்வுக்கு நடுவே படிப்பை விட்டுத் திரும்பிய மாணவர்களைப் பற்றிய செய்திக்கு "அம்மா செல்லங்கள்" என்று தலைப்பிட்டீர்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தில் பாராட்டாக இருந்த முதல் பத்தியை மட்டும் வெளியிட்டு, எஞ்சியதை இடப்பற்றாக்குறைக்குப் பலியிட்ட தங்கள் பெருந்தன்மையை இன்னும் மறக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகும் ஓர் அதிர்ச்சி உண்டு என்று ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் 1963-லேயே எழுதிவிட்டார்கள். திரும்பி வந்த மாணவரிடம் தங்கள் நிருபர்கள் கேட்பதோ சம்பளத்தை மட்டும்தான்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அக்கட்டுரையுடன் "மறக்காமல் எடுத்துச் செல்க" என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள்: சான்றிதழ் நகல்கள், கம்பளி உடை, மின்செருகி மாற்றி. அடுத்த முறை அதில் ஒரு வரி சேருங்கள்: பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவு எங்கே இருக்கிறது, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே, நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளவும். கட்டத்தில் இடம் போதாவிட்டால் பனிப் படத்தைச் சற்றுச் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி