பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

பாப்பா,

பார்சல் வந்துச்சா? வாட்ஸ்அப்ல கட்டைவிரல் காட்டியிருந்தே. அது பார்சலுக்கா, காலைல நான் அனுப்பின செபத்துக்கான்னு தெரியலை. எல்லாம் பாக்கெட் பிரிக்காத பாபாஸ் மசாலாதான். கறிவேப்பிலை வைக்கலை, மெல்பர்ன் கஸ்டம்ஸ்ல எடுத்துப் போட்டுருவான். ராத்திரி டூட்டின்னா சாப்பிட்டுட்டுப் போ.

தம்பிக்கு அடுத்த மாசம் ஓஆர்டி, தேசிய சேவை முடியுது. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கு. வேற விசேஷம் இல்லை.

இல்லைன்னு எழுதிட்டேன். நீ எப்படியும் கேள்விப்பட்டிருப்பே. நம்ம கோயில் புல்லட்டின்ல கல்யாண ஓலை போட்டிருந்தாங்க, உன்கூடச் சேர்ந்து வீட்டுக்குப் பதிஞ்சவனுக்கு. ரெண்டு பேரையும் உனக்குத் தெரியும். பூசை முடியறதுக்குள்ள அந்தத் தாளை நாலா மடிச்சுக் கைப்பைக்குள்ள வெச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம்தான் உன் போன் குறைஞ்சதுன்னு நான் சொல்லலை. வார்டுல வேலை இருக்கும். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

அப்பா போன வாரம் தெங்கா பக்கம் போயிருந்தாராம். நீங்க ரெண்டு பேரும் பதிஞ்சு அப்புறம் விட்டுட்ட அந்த புளோக்குல எல்லாரும் குடிவந்துட்டாங்க, துணிகூடக் காயுதுன்னு வந்து சொன்னார். எதுக்கு அங்க போனீங்கன்னு சத்தம் போட்டேன். வீட்டை விட்டதுல விலையில அஞ்சு விழுக்காடு போனது போகட்டும். அவர் ஒருநாளும் அதைப் பத்திப் பேசினதில்லை. நீயும் அதை அடைக்கிற மாதிரி மாசாமாசம் பணம் அனுப்பாதே. உன் சம்பளத்துல நீ நிக்கறே, அது எங்களுக்கு எவ்வளவு பெருமைன்னு கோயில்ல கேட்டா சொல்லுவாங்க, அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். 35 வயசானா தனியாளாவே ரெண்டறை வீட்டுக்குப் போடலாம்னு அப்பா ஆரம்பிச்சார். அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்கலை.

கடவுளுக்குன்னு ஒரு நேரம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் நம்பறேன். ஆனா பேரப்பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு ஒருத்தி அதை எங்கிட்டச் சொல்லும்போது எரிச்சலாத்தான் வருது. வீடு கொடுக்கற எச்டிபி கூட க்யூ நம்பர் கொடுத்து, சாவி எந்த வருஷம்னு சொல்லிடறான். மேல இருக்கறவர் அதையும் சொல்றதில்லை.

சனிக்கிழமை சனிக்கிழமை நொவீனா சர்ச்சுக்குப் போறேன். எதிர்வீட்டு அக்காவும் வர்றாங்க. வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன், சனிக்கிழமை சகாய மாதா, எந்தப் பக்கம் கதவு திறந்தாலும் சரிங்கிறாங்க. அங்க விண்ணப்பக் கடிதமும் நன்றிக் கடிதமும் வாசிப்பாங்களே, உனக்கு ஞாபகம் இருக்கும். போன வாரம் வருஷக்கணக்காக் காத்திருந்து பிள்ளை பெத்த ஒரு பொண்ணோட நன்றிக் கடிதம். எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. கிடைச்சவங்கதானே நன்றி எழுதறாங்க, கிடைக்காம பெஞ்சுல உட்கார்ந்திருக்கற நாங்க எதை எழுதறது? இப்படி நினைச்சுக்கிட்டேதான் செபமாலையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சொன்னா சிரிக்கிறார்.

பைபிள்ல லாசர் கதை உனக்குத் தெரியும். நண்பனுக்கு முடியலைன்னு ஆள் வந்து சொல்லியும் ஆண்டவர் இருந்த இடத்துலயே இன்னும் ரெண்டு நாள் தங்கிட்டார். வந்து சேர்ந்தப்போ கல்லறையில வெச்சு நாலு நாள். மார்த்தா ஓடிப்போய் வழியிலயே மறிச்சு, நீர் இங்க இருந்திருந்தா என் சகோதரன் செத்திருக்க மாட்டான்னு கேட்டா. அவளைப் பத்தி எல்லாச் சாமியாரும் பிரசங்கம் வெப்பாங்க. எனக்கு அவ தங்கச்சி மரியா மேலதான் கண்ணு. அவர் வர்றார்னு அக்கா ஓடினப்போ அவ வீட்டுலயே உட்கார்ந்துட்டா. எழுந்து போக மனசு வரலை போல. அதுக்காக அவர் அவளைக் கோவிச்சுக்கலை. ஊருக்குள்ளகூட வராம, மார்த்தாவைப் பார்த்த அதே இடத்துலயே இருந்துக்கிட்டு, அவளைக் கூப்பிட்டு விட்டார். அப்புறம்தான் அவ எழுந்து போனா. போயும் என்ன சொன்னா? அக்கா சொன்ன அதே குறையைத்தான்.

நீ ஞாயிற்றுக்கிழமை எங்க போறே, எங்க போகலைன்னு நான் கேட்கப் போறதில்லை. உன் வீட்டுல இருந்து ரெண்டு ஸ்டாப் தள்ளி ஒரு கோயில் இருக்குன்னு தம்பி மேப்ல காட்டினான், அதைச் சும்மா சொல்றேன். போகத் தோணலைன்னா வீட்டுல உட்கார்ந்தே அவரைத் திட்டிக்கோ. வாயை மூடிக்கிட்டு மட்டும் இருக்காதே. அவர்கிட்டயும் சரி, எங்கிட்டயும் சரி. சின்ன வயசுல காய்ச்சல்னாக்கூடச் சொல்லாம பள்ளிக்கூடம் போற பிள்ளை நீ. அந்தக் குணம் இன்னும் போகலை. நேரத்துக்குச் சாப்பிடு, கறுத்துப் போயிட்டே போட்டோவுல.

சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடாதே, போனை அணைச்சு வெச்சிருப்பேன். ஞாயிறு கூப்பிடு. அப்பா எடுத்தா சர்க்கரையைப் பத்தி மட்டும் பேசு. அவருக்கு ஞாயிறு காலைல டூட்டி, பூசைக்கு வரலை, ஓலை விஷயம் இன்னும் தெரியாது.

அம்மா