அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இரு

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். படப் புத்தகத்தில் இருந்த ஒரு சிறுமியைத் தொட்டுக்காட்டி, "இவ ஏம்ப்பா இவ்வளவு கறுப்பா இருக்கா?" என்று பாப்பா கேட்டாளாம். என்ன சொல்வதென்று தெரியாமல் நீ பக்கத்தைப் புரட்டிவிட்டாயாம். "மூணு வயசுக் குழந்தைகிட்ட இதையெல்லாம் எப்படிம்மா பேசுறது?" என்று கேட்டாய். போனில் எனக்குப் பதில் சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானும் உன்னிடம் இதையேதான் செய்தேன். உனக்கு நாலு வயது இருக்கும். மடியில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தாய். தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியப் பையன் படத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். "அவனுக்குத் தலையில அடிபட்டிருக்காம்மா?" என்று கேட்டாய். உன் குரலில் இருந்தது பரிவுதான். நானோ, "உஷ், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அடக்கிவிட்டேன். நீ படத்தை இன்னொரு தடவை பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை நீ எடுத்து வரவே இல்லை. அந்தப் பையனிடம் ஏதோ பேசக்கூடாத குறை இருக்கிறது என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். நூலகத்தில் குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

"அடியெல்லாம் இல்லடா. அவங்க முடியை வெட்ட மாட்டாங்க. நீளமா வளர்ந்த முடியைச் சுருட்டி முடிஞ்சு, அது மேல துணி கட்டிக்குவாங்க." இவ்வளவு சொல்லியிருந்தாலே போதும். நீ தலையாட்டிவிட்டு, பட்டம் அறுந்ததா இல்லையா என்று கேட்கப் போயிருப்பாய்.

பாப்பாவுக்கும் அப்படித்தான். "நம்ம எல்லாருடைய தோலிலும் மெலனின்னு ஒண்ணு இருக்கு. வெயில்ல இருந்து தோலைக் காப்பாத்துறது அதுதான். அது சிலருக்கு நிறைய இருக்கும், சிலருக்குக் கொஞ்சமா இருக்கும். அவளுக்கு அவ அம்மா அப்பாகிட்ட இருந்து அந்த நிறம் வந்துச்சு, உனக்கு எங்ககிட்ட இருந்து வந்துச்சு" என்று சொல். கறுப்பு என்ற சொல் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தாதே. அவள் நீ சொல்லும் விவரத்தைவிட உன் குரலைத்தான் நன்றாகக் கேட்கிறாள்.

மூன்று வயதில் இதெல்லாம் வேண்டுமா என்று தயங்காதே. மூன்று மாதக் குழந்தையே தன்னைச் சுற்றியிருக்கும் இனத்தவரின் முகங்களைத்தான் அதிக நேரம் பார்க்கும் என்று கண்டிருக்கிறார்கள். ஒன்பது மாதமாகும்போது, பழக்கமில்லாத இனத்தவரின் முகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் திறன் குறைந்துவிடுகிறதாம். 2011-ல் வந்த ஓர் ஆய்வில், வெள்ளையினக் குழந்தைகள் சிலருக்கு ஆறாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை சீன முகங்கள் உள்ள படப் புத்தகத்தை வீட்டிலேயே காட்டி வந்தார்கள். அந்தக் குழந்தைகளிடம் அந்தத் திறன் மங்கவில்லை. ஒரு படப் புத்தகம் செய்த வேலை அது! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்டாயே. பக்கத்துக்கு ஒரு நாடு, ஒவ்வொரு பக்கத்திலும் விழா உடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு குழந்தை என்று ஒரு புத்தகம் வைத்திருக்கிறாய் இல்லையா, அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அது மட்டுமே இருந்தால், மற்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பதற்கு என்று பாப்பா நினைத்துக்கொள்வாள். சாதாரண நாளைச் சொல்லும் கதையைத் தேடு. பல் விழுந்த குழந்தை, இருட்டுக்குப் பயப்படும் குழந்தை, தம்பி பிறந்ததில் கோபித்துக்கொண்ட குழந்தை. "எனக்கும் இப்படித்தாம்ப்பா" என்று அவள் முதலில் சொல்லட்டும். அந்த வீட்டில் பாட்டியை வேறு பெயரில் கூப்பிடுகிறார்கள் என்பது அப்புறம் தானாகக் காதில் விழும். கதையில் முடிவெடுப்பவர் யார் என்றும் பார். வேறு நிறத்துக் குழந்தை கடைசி வரை பக்கத்தில் நின்று கைதட்டுகிற நண்பனாகவே இருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வா. ஒரு மக்களைப் பற்றி ஒரே ஒரு கதையோடு நிறுத்தாதே, இரண்டு மூன்றாவது படி.

இன்னொன்றும் உண்டு. ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தைக்குப் புத்தகம் பிறர் வாழ்க்கையைப் பார்க்கும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும், தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்பார். 1985-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக வந்த ஏறத்தாழ 2,500 புத்தகங்களில் கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் உருவாக்கியவை வெறும் 18 என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் எண்ணிச் சொன்னது. எத்தனை குழந்தைகள் தங்கள் முகத்தைப் பார்க்காமலே படித்து வளர்ந்திருப்பார்கள்! பாப்பா நம்மை விட்டுத் தூரத்தில் வளர்கிறாள். அங்கே அவளுடைய பெயரையே யாராவது திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். அவளைப் போன்ற பெயரும் முகமும் உள்ள குழந்தை நாயகியாக வரும் கதையும் அவள் கைக்கெட்டும் தட்டில் இருக்கட்டும். அதையும் தமிழில் படி. நிறுத்தி நிறுத்திப் படித்தாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அந்தப் புத்தகத்தை எடுத்துவரச் சொல். அந்தப் பக்கத்தை அவளே திறக்கட்டும், நானும் கூட இருக்கிறேன்.

உன் பட்டம் விடும் பையன் இங்கே அலமாரியில்தான் இருக்கிறான். முதுகு பிரிந்திருந்த இடத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். வரும்போது எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா