ஸ்டாம்ப் விற்ற கவிஞர்

அன்புள்ள போஸ்ட்மாஸ்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். மாடிப்படி ஏறாமல் இருந்தாலே பாதி சரியாகிவிடும், ஆனால் சொன்னால் நீ எங்கே கேட்கப்போகிறாய். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் வேலை மாறிவிட்டாள், சம்பளம் கூடியது, தூக்கம் குறைந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவுன்ட்டரில் உட்கார்ந்து தேய்ந்தவள் நீ, அதனால் உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. லூயீஸ் இமோஜென் கைனி என்று ஒரு அமெரிக்கக் கத்தோலிக்கக் கவிஞர், கட்டுரைகளும் எழுதியவர். 1861இல் பாஸ்டன் பக்கம் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தார். அப்பா உள்நாட்டுப் போரில் கர்னல், 1864இல் ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர், 1877இல் காலமானார். வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கவிதை என்றைக்குச் சோறு போட்டது? 1894இல் ஆபர்ன்டேல் என்ற சின்ன ஊரில் போஸ்ட்மாஸ்டர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் அங்கே அந்த மாதிரி ஆபீஸ்களில் விற்கிற ஸ்டாம்பைப் பொறுத்துத்தான் சம்பளம். ஐரிஷ்காரி, அதிலும் கத்தோலிக்கப் பெண், தங்கள் ஊர்த் தபாலாபீஸில் உட்காருவதா என்று ஒரு கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது, ஸ்டாம்ப் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். வயிற்றில் அடிக்க அது போதுமே. விஷயம் வெளியே தெரிந்ததும், நண்பர்களும் முன்பின் தெரியாத வாசகர்களும் எங்கெங்கிருந்தோ இவரிடமே ஸ்டாம்ப் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள், விரட்ட நினைத்தவர்களின் திட்டம் பலிக்கவில்லை. தங்கள் ஊரில் தெருமுனையில் கிடைக்கிற அதே ஸ்டாம்பை, ஒரு கவிஞர் சாப்பிட வேண்டும் என்பதற்காகத் தூரத்து ஊரிலிருந்து வரவழைத்தவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கும்பிடவும் தோன்றுகிறது. ஆனாலும் அந்த வேலை ஆளைச் சக்கையாகப் பிழிந்துவிட்டது, 1897இல் விட்டுவிட்டார். அப்புறம் கொஞ்ச காலம் பாஸ்டன் பொது நூலகத்தில் கேட்டலாக் வேலை, 1901இல் ஒரேயடியாக ஆக்ஸ்போர்டுக்குப் போய்விட்டார். 1920 நவம்பர் 2, நம் கல்லறைத் திருநாள் அன்றைக்கே, இங்கிலாந்திலேயே இறந்தார்.

இவருடைய தாள்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு பங்கு அமெரிக்காவில் வூஸ்டர் என்ற ஊரில் ஹோலி கிராஸ் என்ற கத்தோலிக்கக் கல்லூரியின் நூலகத்தில் இருக்கிறது. போர்க்களத்திலிருந்து அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதங்களும் அதே நூலகத்தில்தான், அப்பாவும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ். இன்னொரு பங்கு வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில். அவருடைய உயிர் நண்பர் பிரெட் ஹாலண்ட் டே, புகைப்படக்காரர், பதிப்பாளரும்கூட. அவரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து அங்கே இருக்கிறது. இரண்டு பேருக்கும் கீட்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் என்றால் பைத்தியம்.

இவர் எழுதிய கடிதங்கள் 1926இல் இரண்டு பாகமாக அச்சானபோது, கிரேஸ் கைனி என்ற உறவுக்காரப் பெண் அவற்றைத் தொகுத்தார். இதில் ஒன்றைக் கவனி. நாம் எழுதுகிற கடிதம் நம் வீட்டில் இருக்காது, வாங்கியவர் வீட்டில்தான் இருக்கும். வாங்கியவர்கள் எறியாமல் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு இவர் பேசுவது நமக்குக் கேட்கிறது.

சொந்த வேலையிலும் இவருக்கு இதே கதைதான், கடைசியில் மற்றவர்கள் கையில்தான் மிஞ்சியது. ஹென்றி வாகன் என்ற பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞரின் கல்லறை வேல்ஸில் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. அந்தப் பக்கத்துக்காரரான குவென்லியன் மார்கன் என்ற அம்மாளோடு சேர்ந்து பணம் திரட்டிச் சீர்படுத்தினார். அப்புறம் வருஷக்கணக்காக அந்த அம்மாள் அங்கே ஆவணங்களைத் தேட, இவர் தன் பக்கம் குறிப்பெடுக்க, வாகனைப் பற்றிப் புத்தகம் வரப்போகிறது, வரப்போகிறது என்றே இருந்து வராமலே போனது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபின் அந்தக் குறிப்புகள் ஹட்சின்சன் என்ற அறிஞர் கைக்குப் போய், அவர் எழுதிய வாகன் வரலாறாக 1947இல் வெளிவந்தன. அட்டையில் அவர் பெயர். அந்த மனிதர் நன்றி சொல்லாமல் விடவில்லை என்பது உண்மை, ஆனாலும் எனக்கு ஆறவில்லை. இங்கிலாந்தில் மதம் மாற மறுத்துத் துன்பப்பட்ட பழைய கத்தோலிக்கக் கவிஞர்களைத் திரட்டிய பெரிய தொகுப்பும் இவர் கையில் முடியவில்லை, மற்றவர்கள் ஒழுங்குபடுத்தி, இவர் இறந்து பதினெட்டு வருஷம் கழித்துத்தான் அச்சுக்குப் போனது.

கவிதைகள் எப்படி என்று கேட்பாய். சிலது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய நூல்களில் மூழ்கிக் கிடந்த மொழி, கஞ்சி போட்டுத் தேய்த்த புடவை மாதிரி மடிப்புக் கலையாமல் நிற்கும். கட்டுரைகள் பரவாயில்லை. கடிதங்களில்தான் மனுஷி இருக்கிறார். நாய், மழை, நடைப்பயணம், காசில்லாத கஷ்டம், எழுத நேரமில்லை என்ற புலம்பல், அதற்கு நடுவே திடீரென்று ஒரு கேலி. இவரை வாசிக்க ஆரம்பிப்பதென்றால் கடிதங்களிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், என் கட்சி அதுதான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் ஊர்ப்பக்கத்துக் கிளை அஞ்சலகங்களிலும் ஸ்டாம்ப் விற்பனையை வைத்துத்தான் படி கணக்குப் போட்டார்களா? யாராவது சாதியைச் சொல்லியோ வேறு காரணம் சொல்லியோ உன் கவுன்ட்டருக்கு வராமல் இருந்தது உண்டா? நீ வேலை பார்த்த ஊர்களைப் பற்றி அரையும் குறையுமாகத்தான் சொல்லியிருக்கிறாய். விவரமாக எழுது, போனில் சொல்லாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி