முதலிடம் வராமலே எட்டாண்டு பிரதமர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்யூனிச ஆட்சிக்குப் பிந்தைய கிழக்கு ஐரோப்பா பற்றிய கட்டுரையில், 1998 தேர்தலில் விளாதிமிர் மெச்சியாரைத் தோற்கடித்து மிகுலாஷ் ஜுரிந்தா ஸ்லோவாக்கியாவின் பிரதமரானார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தத் தேர்தலில் முதலிடம் பிடித்தது மெச்சியாரின் கட்சிதான். 150 இடங்களில் அதற்கு 43, ஜுரிந்தாவின் கட்சிக்கு 42. 2002-லும் அப்படியே: மெச்சியாருக்கு 36, ஜுரிந்தாவுக்கு 28. ஒரு தடவைகூட முதலிடம் வராதவர் எட்டாண்டு எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அந்நாட்டு அரசியல் வாசகருக்குப் பிடிபடாது.

1998 மே மாதத்தில், அப்போது பிரதமராக இருந்த மெச்சியார் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார். கூட்டணியாக நின்றாலும் அதிலுள்ள ஒவ்வொரு கட்சியும் நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தனித்தனியே 5 சதவீத வாக்கு வாங்க வேண்டும் என்றாயிற்று. சிறு கட்சிகளை ஒழிப்பதே நோக்கம். கிறிஸ்தவ ஜனநாயகர், தாராளவாதிகள், சமூக ஜனநாயகர், பசுமைக் கட்சியினர் உள்ளிட்ட ஐந்து கட்சிகள் சேர்ந்து, ‘ஸ்லோவாக் ஜனநாயகக் கூட்டணி’ என்ற பெயரில் ஒரே கட்சியாகப் பதிவு செய்துகொண்டு அந்தக் கண்ணியிலிருந்து தப்பின. ஜுரிந்தாவின் பிற்காலத் தலைவலிக்கும் இதுவே வேர். காகிதத்தில் ஒரு கட்சி. உறுப்பினர்களின் மனமோ தாய்க்கட்சியிடம். கடைசியில் 2000-ல் அவர் தனக்கென ஒரு புதுக் கட்சியையே தொடங்க வேண்டியதாயிற்று.

முதல் அமைச்சரவையில் நான்கு கட்சிகள், 93 இடங்கள். ஹங்கேரியச் சிறுபான்மையினரின் கட்சி இல்லாமலே 78 கிடைத்திருக்கும். ஆனால் அரசமைப்பைத் திருத்த ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 90 வாக்குகள் வேண்டும். 1998 மார்ச்சிலிருந்து குடியரசுத் தலைவர் பதவி காலி. தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாடாளுமன்றத்தில் எவருக்கும் அதற்குத் தேவையான அதே 90 சேரவில்லை. புதிய கூட்டணி 1999 ஜனவரியில் அரசமைப்பைத் திருத்தி, தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. அந்த மே மாதம் மெச்சியாரை ருடோல்ஃப் ஷுஸ்டர் வென்றார். 93 என்பது ஆடம்பரமல்ல, அவசியம். ஆனால் இடதுசாரியும் வலதுசாரியும் ஒரே மேசையில் உட்கார்ந்த ஆட்சி அது. 2000-ல் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில், கூட்டணிக் கட்சித் தலைவரும் அவைத்தலைவருமான யோசெஃப் மிகாஷே பிரதமருக்கு எதிராக வாக்களித்தார்.

2002-ல் வலதுசாரிகள் மட்டும்: நான்கு கட்சிகள், 78 இடங்கள். மெச்சியாரோடு சேர யாரும் முன்வராததுதான் இந்தக் கணக்கைச் சாத்தியமாக்கியது. எண்ணிக்கை குறைந்தாலும் கொள்கை ஒத்துப்போனதால், 2004 ஜனவரி 1 முதல் தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, மதிப்புக்கூட்டு வரி மூன்றையும் 19 சதவீதமாக்க முடிந்தது. அதற்கு முன் தனிநபர் வரி மட்டும் 10 முதல் 38 சதவீதம் வரை படிப்படியாக இருந்தது.

2003-லிருந்தே ஆளுங்கூட்டணி உறுப்பினர்கள் கழன்றுகொள்ள, அரசு பெரும்பான்மையை இழந்தது. ஆனாலும் கவிழவில்லை. காரணம் விதியிலேயே இருக்கிறது. சாதாரணச் சட்டத்துக்கு அவையில் இருப்பவர்களில் பெரும்பான்மை போதும். அரசைக் கவிழ்க்கவோ மொத்த உறுப்பினர்களில் 76 பேர் எழுந்து வாக்களிக்க வேண்டும். எதிர்க்கட்சிகளுக்கு அந்த 76 ஒன்றுசேரவில்லை. அதே 76 ஆளுங்கட்சிக்கும் தொல்லை கொடுத்தது, ஏனென்றால் அவை கூடுவதற்கே அத்தனை பேர் வேண்டும். 2005 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் வெளியே நின்றுவிட, கோரம் (அவை கூடத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) இல்லாமல் கூட்டத்தொடர் நாள்கணக்கில் தொடங்க முடியாமல் கிடந்தது. சிறுபான்மை அரசுகளைப் பற்றி எழுதுவோர் நம்பிக்கை வாக்கெடுப்பை மட்டும் பார்த்துவிட்டு, கோரம் என்ற இந்த முடிச்சை விட்டுவிடுகிறார்கள்.

முடிவும் வாக்கெடுப்பால் வரவில்லை. மனசாட்சியின் பேரில் பணி மறுக்கும் உரிமை குறித்து வாடிகனோடு செய்ய வேண்டிய உடன்படிக்கையைப் பிரதமர் முன்னெடுக்க மறுத்ததால், கூட்டணியிலிருந்த கிறிஸ்தவ ஜனநாயகர்கள் 2006 பிப்ரவரியில் விலகினர். தேர்தல் ஜூன் 17-க்கு முன்தள்ளப்பட்டது. ஜுரிந்தாவின் கட்சி 15-லிருந்து 18 சதவீதமாக உயர்ந்து 31 இடங்கள் வென்றது. 50 இடங்களோடு முதலிடம் வந்தவர் ராபர்ட் ஃபிட்சோ. எட்டாண்டு யாரும் தீண்டாத மெச்சியார் கட்சியை, 15 இடங்களுக்காக அவர் ஆட்சியில் சேர்த்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்