நான்கு கம்பி சீட்டைக் கெடுத்தது பற்றியும் பழைய கிளாம்பைத் திருப்பித் தராதது பற்றியும் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ராலே சைக்கிள் சீட்டை முன்னே தள்ளிப் பொருத்தித் தருவதாக வாங்கிக் கெடுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் "உங்கள் குறை பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது.

வண்டி என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) 1951இல் வாங்கியது. நாட்டிங்காமில் செய்த ராலே; செயின் வீலில் கொக்குத் தலை இருக்கும். கவுந்தப்பாடி வெல்லச் சந்தைக்கும் ஆடி மாதம் அந்தியூர் மாட்டுச் சந்தைக்கும் அதில்தான் போய்வந்தார். அவர் ஆறடி உயரம், நான் ஐந்தடி நான்கு அங்குலம். அந்தக் கால வண்டிகளில் சீட் தண்டு பின்பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹேண்டிலை எட்டிப் பிடித்துத் தோள் வலி, பெடல் தள்ளி இருப்பதால் முட்டி வலி. சீட் ஒன்றரை அங்குலம் முன்னால் வர வேண்டும், சீட்டின் தோலையும் அதை அடியில் தாங்கும் கம்பியையும் தொடக் கூடாது. நான் கேட்டது இவ்வளவுதான். ரசீதின் பின்புறம் இதை உங்கள் ஊழியரே எழுதி வாங்கிக்கொண்டார்.

சீட்டைத் தண்டோடு பிடித்திருக்கும் கிளாம்பைக் கழற்றித் தண்டுக்கு முன்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டாலே சீட் முன்னே வந்துவிடும் என்று எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் அன்றே சொன்னார். பழைய போல்ட் முறிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் கை வைக்கவில்லை. அதற்கென்றே தனிக் கிளாம்ப் விற்கிறவர்கள் என்று நம்பி உங்களிடம் வந்தேன். கிளாம்புக்கும் கூலிக்கும் சேர்த்து 2,250 ரூபாய் முன்பணமாகவே கட்டினேன்.

நீங்கள் மாட்டிய அந்தக் கறுப்புக் கிளாம்ப், பக்கத்துக்கு ஒரு 7 மி.மீ. கம்பி உள்ள சீட்டுக்கானது. என் சீட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பிகள். உங்கள் பொருள் எதற்குப் பொருந்தும் என்று உங்களுக்குத் தெரியாதா? பொருந்தவில்லை என்றதும் திருப்பித் தந்திருக்கலாம். உள்பக்கக் கம்பி இரண்டையும் அரத்தால் ராவி, கிளாம்பைத் திணித்திருக்கிறீர்கள். எழுபது வருடக் கறுப்புக்கு நடுவே ராவிய இடம் வெள்ளிக்காசு போல மின்னுகிறது. விரலை வைத்தால் பள்ளம் தெரிகிறது. ஏறி உட்கார்ந்தால் சீட் இடமும் வலமும் ஆடுகிறது. சீட்டின் முன்முனையில் தோலை இழுத்துப் பிடிக்கும் நட்டையும் இறுக்கிவிட்டதில், செப்பு ஆணி ஒன்றின் அடியில் தோல் கிழியத் தொடங்கிவிட்டது.

இதைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது பேசியவரை என்னால் மறக்க முடியவில்லை. "பழைய இரும்புக்கு எதற்கு இத்தனை போன்? புதுச் சீட் வாங்கிப் போடுங்கள், பெரியவரே" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் பக்கம் கடனைத் திருப்பிக் கேட்பவன்கூட "வாங்க, உட்காருங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவான். 2,250 ரூபாய் வாங்கியவர் பேசும் பேச்சா இது? பெயர் கேட்டேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார். தேதியும் நேரமும் குறித்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்பே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை சீட்டோடு வரச் சொன்னது நீங்கள்தான். காலை ஐந்தரை மணிக்குக் கோபியில் பஸ் ஏறினேன். சீட்டைத் துண்டில் சுற்றி, கோவை காந்திபுரம் வரை மடியிலேயே வைத்திருந்தேன். பதினொரு மணி வரை நிற்க வைத்து, "மெக்கானிக் லீவு, வியாழக்கிழமை வாருங்கள்" என்றார்கள். அன்று மஞ்சள் காட்டில் ஆள் விட்டிருந்தேன். ஒரு நாள் வேலை போயிற்று, கூலி போயிற்று. மூன்று மாதமாக எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

ஐயா, உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தவறு நடப்பது சகஜம்தான். பணத்தைத் திருப்பித் தந்து, ராவிய கம்பிகளை உங்கள் செலவில் மாற்றித் தந்தால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. 50,000 ரூபாய் இழப்பீடு கேட்பேன். அந்தச் சீட்டின் மதிப்புக்கு அதுவும் காணாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்வேன். தயவுசெய்து அதுவரை கொண்டு போகாதீர்கள்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையம் வாடிக்கையாளர்
(ரசீது நகல், நான்கு படங்கள் இணைப்பு)

பின்குறிப்பு: கழற்றிய பழைய கிளாம்ப் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதன் நட்டு ஒன்றில் அப்பிச்சி சுற்றிய செப்புக் கம்பி இருக்கும், பார்த்தாலே தெரியும். பழைய இரும்புச் சாமான்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பணம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்கிறேன், அதை மட்டும் முதல் கூரியரில் அனுப்பிவையுங்கள்.