பேசட் குட்டி வாங்குவதற்கு முன், சரவணனுக்கு

திருநகர்,
மதுரை.

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இந்த முறை கொஞ்சம் குறைந்திருக்கிறது. மேலூர் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். பேசட் ஹவுண்ட் நாய்க்குட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. போனில் நான் எதைத் தொடங்கினாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். ஆகையால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

வேண்டாம் என்று சொல்வதற்காக எழுதவில்லை. எதிர்வீட்டு டாக்டரம்மா மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா போனதிலிருந்து அவருடைய பேசட் ஹவுண்ட் சீசரை நான்தானே பார்த்துக்கொள்கிறேன்! நம் பழைய நாய் மணி போன பிறகு இந்த வாசலில் இனி நாயே கூடாது என்று சொன்ன உன் அப்பாவே இப்போது காலையில் எழுந்ததும் "அவன் எழுந்துவிட்டானா?" என்றுதான் கேட்கிறார். அவ்வளவு சாதுவான பிராணி. குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமே தவிர உறுமாது. அதனால்தான் ஆசைப்பட்டவுடன் வாங்கிவிடாதே என்கிறேன். சாதுவான பிராணிக்கு வலித்தாலும் நமக்குச் சீக்கிரம் தெரியாது.

நீ அழகு என்று சொல்கிற அந்தக் குட்டைக் கால்கள் உண்மையில் எலும்பு வளர்ச்சியில் உள்ள ஒரு குறை. பிரான்சு நாட்டில் குதிரையில்லாமல் கால்நடையாகவே முயல் வேட்டைக்குப் போனவர்கள், தங்களை விட்டுவிட்டு ஓடிவிடாத, மோப்பம் மட்டும் தப்பாத நாய் வேண்டுமென்று குட்டைக் கால் உள்ளவற்றையே தேர்ந்து தேர்ந்து சேர்த்து இந்த இனத்தை உண்டாக்கினார்கள். கால்தான் குட்டையே ஒழிய உடம்பு ஒரு பெரிய நாயின் உடம்பு. தோள் உயரம் ஒன்றேகால் அடியைத் தாண்டாது. எடையோ 20 முதல் 30 கிலோ வரை போகும். அந்தப் பாரமெல்லாம் நீண்ட முதுகிலும் வளைந்த முன்னங்கால்களிலும்தான் இறங்குகிறது. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்தினால் பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிடும். இந்த இனத்துக்கு அது பிறப்பிலேயே வருகிற அபாயம்.

சென்னையில் நீ இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடுவதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். குட்டிக்கு எலும்பு முற்றும் வரை, அதாவது ஒரு வயது தாண்டும் வரை, மாடிப்படி ஏற விடவே கூடாது. அதற்குப் பிறகும் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. சோபாவிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குதிக்க விடக் கூடாது. அப்படியானால் ஒவ்வொரு முறையும் நீதான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு கையை மார்புக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்பாகத்துக்கு அடியிலும் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்க வேண்டும். வளர்ந்த பிறகு அது 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குவது போலத்தான், சிப்பமாவது திமிறாது. நம் வீட்டு வாசலில் இருப்பதே இரண்டு படி. முன்னங்கால் இரண்டையும் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, வயிறு படியின் விளிம்பில் இடிக்க, பின்பாதியை எப்படி இறக்குவது என்று தெரியாமல் சீசர் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பான். அதைக் கண்டுதான் அப்பா பழைய கதவுப் பலகையைச் சாய்த்துப் போட்டு, வழுக்காமலிருக்கச் சாக்கை மேலே விரித்து ஆணி அடித்துக் கொடுத்தார். உன் வீட்டுத் தரை வழவழப்பான டைல்ஸ். அதில் கால் பரப்பி வழுக்கினால் இடுப்பும் முழங்கை மூட்டும் கெடும். அது நடமாடும் இடமெல்லாம் ரப்பர் விரிப்பு போட வேண்டியிருக்கும்.

காதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் வைப்பதற்கு முன்பே சீசருடைய இரண்டு காதும் உள்ளே போய்விடும். பிறகு தலையை ஓர் உதறு உதறினால் சுவரெல்லாம் தண்ணீரும் எச்சிலும்தான். நான் இப்போது வாய் குறுகிய உயரமான பாத்திரத்தில் தண்ணீர் வைக்கிறேன். சாப்பிடும்போது இரண்டு காதையும் தலைக்கு மேலே தூக்கி ரிப்பனால் தளர்வாகக் கட்டிவிடுகிறேன். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளை மாதிரி இருக்கும், அப்பா சிரிப்பார். ஆனால் விஷயம் சிரிப்பல்ல. அந்தக் காதுக்குள் காற்றுப் போகாது, ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். சீசருக்கு ஒருமுறை வந்தது. காதைத் தூக்கினாலே புளித்த வாடை, உள்ளே கறுப்பு அழுக்கு, ராத்திரியெல்லாம் பின்னங்காலால் எட்டிச் சொறியப் பார்ப்பதும் கால் எட்டாமல் தரையில் தலையைத் தேய்ப்பதுமாகக் கிடந்தான். வாரம் ஒருமுறை, மருத்துவர் தரும் திரவத்தை விட்டு, பஞ்சால் வெளிக்காதை மட்டும் துடைத்துக் காயவிட வேண்டும். பட்ஸ் விடாதே. பாட்டி உனக்கு ஊற்றியது போல நல்லெண்ணெய் ஊற்றிவிடாதே. தொங்கும் கீழிமைக்குள் தூசி சேர்ந்து கண்ணும் சிவக்கும். அதையும் தினம் துடைக்க வேண்டும். கண் வீங்கியோ மங்கியோ தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். இந்த இனத்துக்குக் கண் அழுத்த நோய் வருவதுண்டு, ஒரு நாள் தாமதத்தில் பார்வை போய்விடும். முடி உதிர்வது, தோல் மடிப்பில் வாடை வருவது எல்லாம் கூட இருக்கின்றன; அவற்றைத் துடைப்பமும் குளியலும் பார்த்துக்கொள்ளும்.

இனி முக்கியமானது. இவை கூட்டமாக வேட்டையாடப் பழக்கப்பட்டவை. தனிமை இவற்றுக்கு ஆகவே ஆகாது. நாங்கள் இரண்டு பேரும் செல்லூர் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியபோது, தெருமுனையிலேயே சீசரின் ஊளை கேட்டது. குரைப்பு இல்லை அது, அடிவயிற்றிலிருந்து வருகிற நீண்ட ஓலம். இங்கே தனி வீடு, பக்கத்து வீட்டார் தெரிந்தவர்கள், அதனால் பொறுத்தார்கள். அடுக்குமாடியில் பொறுப்பார்களா? குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் நீ இருப்பது வாடகை வீடு.

இதை நான் சொன்னபோதுதான் நீ, "அதெல்லாம் பிரச்சினையே இல்லைம்மா, பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன்" என்றாய். நல்லது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் திரும்புவாய் என்று நான்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் நியமனக் கடிதத்தின் நகலை அப்பா இன்னும் பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். போன வாரம் நீ பேசியது பதினோரு மணி, வேலை நாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. நாயைப் பற்றித்தான் கேட்கிறேன்: இன்றைக்குப் பகலெல்லாம் கூடவே இருந்து பழக்கிவிட்டு, நாளைக்கு மறுபடியும் காலையில் கிளம்பிப் போக நேர்ந்தால், அது என்ன செய்யும்? இந்த இனம் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். அத்தனை வருடமும் பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை யோசித்துத்தான் குட்டியைத் தூக்க வேண்டும்.

செலவையும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். குட்டியின் விலை அதில் சிறியது. தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, மாதாமாதம் தீவனம், காதுக்கும் கண்ணுக்கும் மருந்து என்று போய்க்கொண்டே இருக்கும். முதுகுக்கு ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் தேவைப்பட்டால் கையில் கணிசமான பணம் இருந்தாக வேண்டும். மாதம் பிறந்தால் பணம் வரும் என்று நிச்சயமாக இருக்கிறவர்கள்கூடத் திணறுகிறார்கள். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

உணவில் கண்டிப்பு வேண்டும், ஏனெனில் இவற்றின் ஒவ்வொரு கூடுதல் கிலோவும் முதுகைத்தான் தாக்கும். நீ மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் போட்டது போல இதற்குப் போடக் கூடாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு எதுவுமே ஆகாது. பசித்த முகம் காட்டும். அது பசியில்லை, முக அமைப்பே அப்படி. ஒரே வேளையில் நிறையப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடு. சாப்பிட்டவுடன் ஓட விடாதே. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயன்றும் வராமல், வயிறு புடைத்து, நிலைகொள்ளாமல் நடந்தால் அது மணிக்கணக்கில் உயிரை எடுக்கிற நோய். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் மட்டுமே நடத்திக்கொண்டு போக வேண்டும். வயிறு தரையை ஒட்டியிருப்பதால் தார்ச்சாலையின் சூடு அதற்கு நேரே ஏறும். கயிறு இல்லாமல் விடவே விடாதே. மோப்பத்தில் பிளட்ஹவுண்ட் என்கிற நாய்க்கு அடுத்தது இதுதான் என்பார்கள். ஒரு வாடை கிடைத்துவிட்டால் கார் வருவதோ நீ கூப்பிடுவதோ அதன் காதில் ஏறாது. மாமா தோட்டத்துக் கிணற்றில் மணி உன்னோடு குதித்து நீந்தியதை நினைத்துக்கொண்டு இதை அந்தப் பக்கம் கொண்டு போய்விடாதே. முன்பக்கம் பாரமும் கால் குட்டையுமாக இருப்பதால் இதனால் சரியாக நீந்த முடியாது, மூழ்கிவிடக்கூடும்.

வாங்குவதென்றே முடிவு செய்தால் தாய் நாயைப் பார்க்காமல் வாங்காதே. அது நொண்டாமல் நடக்கிறதா, அதன் காதும் கண்ணும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு விதி. அதற்கு முன்பே கொடுக்கிறேன் என்பவரிடம் வாங்காதே. தமிழ்நாடு அரசு 2024இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்கு இனவிருத்தி செய்யக் கூடாதவை என்று பட்டியலிட்ட வெளிநாட்டு இனங்களில் பேசட் ஹவுண்டும் ஒன்றாக இருந்தது; அந்தக் கொள்கை இப்போது நடப்பில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள். அதனால் குட்டி எங்கே பிறந்தது, யார் வளர்த்தது என்று கேட்டு, எழுத்தில் வாங்கு. முழுப் பணமும் கொடுப்பதற்கு முன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிடு. இந்த இனத்தில் இரத்தம் எளிதில் உறையாத பரம்பரைக் கோளாறு உண்டு. கருத்தடை அறுவைக்கு முன் மருத்துவரிடம் அதை நினைவுபடுத்து. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடாவருடம். அந்தச் சான்றிதழோடு மாநகராட்சி உரிமம்.

கோம்பையோ சிப்பிப்பாறையோ இருக்க இது எதற்கு என்று அப்பா கேட்கிறார். வேகமாக ஓடுகிற அந்த நாய்களை மூன்றாவது மாடியில் அடைத்து வைப்பது இன்னும் பாவம் என்று நான் சொல்லிவிட்டேன்.

என் யோசனை இதுதான். டாக்டரம்மா திரும்பி வர இன்னும் நாள் இருக்கிறது. நீ பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஓர் இடம் போட்டுக்கொண்டு வா. தீபாவளிக்குத்தான் வரவில்லை. சீசரைக் குளிப்பாட்டு, காதைத் துடை, ராத்திரி அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படு. ஒரு வாரமோ ஒரு மாதமோ, உனக்கு எவ்வளவு நாள் தோதுப்படுமோ அவ்வளவு நாள் இரு. மாடி அறையைக் கழுவி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் இதே இனம்தான் வேண்டும் என்றால் இங்கேயே கொண்டுவந்து விடலாம். தரைவீடு, பகலெல்லாம் நாங்கள் இருவரும் இருக்கிறோம். ஆனால் ஒன்று, ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் நாயை ஏற்ற விடமாட்டார்கள். முதல் வகுப்பில் தனி அறை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயிலில் கார்டு இருக்கும் பெட்டியில்தான். இந்த வெயிலில் அந்தப் பெட்டி வேண்டாம்.

வருகிற தேதியை மட்டும் சொல். மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
அம்மா

பின்குறிப்பு: அந்தக் குட்டிக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் எவ்வளவு என்று எனக்கு எழுது. அது போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை.